முழங்கால் உயர நாற்காலி

குதைபியா, மூன்றாவது மாடி.
மார்ச்சிலேயே ஏசி ஒழுகத் தொடங்கிவிட்டது.
அடியில் பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறோம்.
பள்ளியில் கொடுத்த படிவத்தில்
மூன்று விருப்பங்களுக்கு மூன்று கோடுகள்.
முதல் கோட்டில் மெக்கானிக்கல்,
அப்பாவின் கையெழுத்துப் போலவே சாய்த்து எழுதினேன்.
இரண்டாவதில் பி.காம்., அது அம்மாவுக்கு.
மூன்றாவது கோட்டில்
எழுதி அழித்து எழுதி
தாளே மெலிந்துபோயிற்று.

ஆலோசகர் மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"மழலையர் கல்வியா? நீயா, ஜெனிஷ்?"

கியாவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.
கீழ்வீட்டுக் குழந்தை, மூன்று வயது.
அம்மா ஜோசலினுக்கு சலூனில் ஒன்பது மணி வரை வேலை.
அப்பா கொல்லத்துக்காரர், டெலிவரி வண்டி.
நாலு மணியிலிருந்து அவள் எங்கள் வீட்டில்.
பேச்சு வரவில்லை என்று டாக்டரிடம் போனார்கள்.
வராமல் என்ன?
தாகம் எடுத்தால் தாயிடம் துபிக்,
தகப்பனிடம் வெள்ளம்
(நமக்கு அது பேரிடர், அவளுக்கு அரை டம்ளர்),
குளிர்பெட்டிக் கடைக்காரரிடம் மாய்,
என்னிடம் தண்ணி.
ஆள் பார்த்துச் சொல் எடுக்கிறவள்
புது ஆளிடம் எதை நீட்டுவது என்று
கொஞ்சம் யோசிக்கமாட்டாளா?
டாக்டர் புது ஆள்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திட்டம்.
இங்கேயே படித்தால் தினார்:
பெருக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.
ஊரில் குழந்தை வளர்ச்சி, மூன்று வருடம்:
விசாரித்த மூன்று கல்லூரிகளில் இரண்டு
பெண்களுக்கு மட்டும்.
மூன்றாவதில் போனை எடுத்தவர்
"தங்கச்சிக்கா?" என்றார்.
இல்லையென்றால் உளவியல் இளங்கலை,
மாலையில் மாண்டிசோரி டிப்ளோமா,
சனிக்கிழமைகளில் எங்காவது ஒரு பால்வாடியில் பழக்கம்.
பிறகு சான்றிதழுக்கு முத்திரை:
சென்னையில் ஒன்று, டில்லியில் ஒன்று, தூதரகத்தில் ஒன்று.
ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட
இத்தனை ரப்பர் ஸ்டாம்ப்.

அத்லியாவில் ஒரு நர்சரியில் கெஞ்சிக் கேட்டேன்.
ஒரு மணி நேரம், வியாழக்கிழமை,
கதவு திறந்தே இருக்க வேண்டும் என்றார்கள்.
சரிதான், நானும் அப்படித்தான் வைப்பேன்.
என் முழங்கால் உயரத்துக்கு ஒரு மஞ்சள் நாற்காலி.
உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடித்தது.
வாசலில் ஒருவன் அழுதுகொண்டிருந்தான்.
அழாதே என்று யார் யாரோ சொல்லிப் பார்த்திருந்தார்கள்.
நான் செருப்பு அடுக்கை எண்ண ஆரம்பித்தேன், சத்தமாக.
இருபத்தொன்று.
மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று.
அழுகை பாதியில் நின்று
அவனும் தேட வந்தான், அலமாரிக்கு அடியில், பாய்க்குப் பின்னால்.
இருபத்திரண்டாவது
அவன் கையிலேயே இருந்தது.

தலைமை ஆசிரியை போகும்போது சொன்னார்:
"நாங்கள் ஆண்களை எடுத்ததில்லை."
எடுக்கமாட்டோம் என்று சொல்லவில்லை.
பஸ் வரும்வரை
அந்த இறந்தகாலத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஹித் கப்பல் யார்டிலிருந்து
இமையில் துருவோடு வந்த அப்பா
நோட்டை நின்றபடியே வாசித்தார்.
பேனா கேட்டார்.
"ஹாஸ்டல் போட்டிருக்கே, மெஸ் போடல.
வருஷத்துக்கு வருஷம் ஏறும், அதையும் போடு."
தன் சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி சேர்த்தார்.
கூட்டுத்தொகையை அடித்துவிட்டுப் பெரிதாக எழுதினார்.
சம்பளம் என்ற இடத்தில்
நான் சின்னதாக எழுதியிருந்த எண்ணை
வெகுநேரம் பார்த்தார்.
சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

கியா அவர் பக்கம் வந்து நின்றாள்.
பகலில் வீட்டில் இல்லாத மனிதர்.
பூட்ஸைப் பார்த்தாள், ஹெல்மெட்டைப் பார்த்தாள்,
யோசித்தாள்.
"மாய்" என்றாள்.

யாரையும் கூப்பிடாமல் அவரே எழுந்துபோய்
டம்ளரில் பாதி ஊற்றிக்கொண்டு வந்தார்.
அவள் குடித்து முடிக்கும்வரை அடியில் கை வைத்திருந்தார்.
பிறகு என்னிடம் கேட்டார்,
"இதுக்கா டாக்டர்கிட்ட போனாங்க?"